ஒத்தும் அலையியற்றியும்

(காஞ்சியில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

“இலக்கியத்தைத் தமிழில் சொல்லலாம், இறைவழிபாட்டைத் தமிழில் சொல்லலாம், மின்னணுவியலைத் தமிழில் சொல்ல இயலுமா?” என்னும் வினா இந்நாட்டில் இன்னும் எழுப்பப்படுகின்றது. எழுப்புவோர் அனைவரும் தமிழுக்குப் பகைவர் அல்லர். தம் பிள்ளையின் பிழைப்பை எண்ணி அஞ்சும் தாய்தந்தையரும் அவருள் உளர். அவ்வச்சத்திற்கு மேடை முழக்கம் விடையாகாது. முழக்கம் ஒரு கம்பியையும் பற்றவைப்பதில்லை. ஆதலின், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்பு, இயக்கம், குறைபாடு, திருத்தம் அனைத்தையும் தமிழிலேயே கட்டிக் காட்டுவதே இவ்வுரையின் வேலை. அக்கருவி, சிறு மின்கலம் ஒன்றால் இயங்கும் குறைந்த மின்னழுத்த அலையியற்றி. பாடுவோர்க்கும் குழல் ஊதுவோர்க்கும் இடையறாது நிலைக்குரல் தந்து நிற்பது.

இக்கருவியைக் காஞ்சியில் பேசுவதற்குக் கரணியம் உண்டு. நாயனாப் பிள்ளை (1889–1934) பாடிய ஊர் இது. பட்டம்மாள் 1919-இல் பிறந்த ஊர் இது. கோயில்தோறும் நாகசுரம் முழங்கும் ஊர். வைகாசித் திருவிழாவில், மக்கள் கருட சேவை என வழங்கும் கலுழன் ஊர்தி உலா, சின்னக் காஞ்சியிலிருந்து புறப்பட்டுப் பெரிய காஞ்சியின் கங்கைகொண்டான் மண்டபம்வரை நெடுந்தொலைவு செல்லும். உலாவின் முன் நடந்துகொண்டே ஊதுகின்ற கலைஞன் மின்கம்பியை இழுத்துக்கொண்டு நடக்க இயலாது. அவனுக்குத் துணை செய்யும் கருவி இடுப்பில் செருகத்தக்க சிறுமையும், ஒற்றைக் கலத்தில் இயங்கும் எளிமையும் உடையதாதல் வேண்டும். சிறுமையும் குறைந்த மின்னழுத்தமும் இங்கே பொறியாளனின் விளையாட்டல்ல, தெருவின் தேவை.

முற்காலத்தில் அத்துணையைச் செய்தது ஒத்து. நாகசுரம்போன்றே நீண்ட குழல். ஆயினும் விரல்வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. அடிப்பகுதியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் வேண்டிய நிலைக்குக் கொணர்வர். ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து, அது வெளியேறும்போதே மூக்கால் மூச்சை உள்வாங்கி, ஒலி அறாது ஊதிக்கொண்டிருப்பார். ஒன்றே ஒலி, ஒரே நிலை, இரவெல்லாம். பெயரைக் காண்க: ஒத்து நிற்பது ஒத்து. வடசொல் ஒன்றும் வேண்டாது, வேலையையே பெயராக்கிய சொல்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுர அரங்கில் ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவை அமர்த்திக்கொண்டார். பின்னர், 1979-ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த இசை மாநாட்டில், பெங்களூரைச் சேர்ந்த பொறிஞரும் குழலிசைஞருமான இராசநாராயண் தம் மின்னணுத் தம்புராவைக் காட்சிக்கு வைத்தார். அதன்பின் நிலைக்குரல் மரத்திலிருந்தும் நரம்பிலிருந்தும் மின்சுற்றுக்குக் குடிபெயர்ந்தது. இன்று பாட்டாசிரியர் வீடுதோறும் ஒரு பெட்டி இருக்கின்றது. “சுருதிப்பெட்டி” என்பது அதன் வழக்குப் பெயர்.

அப்பெட்டிக்குள் இருப்பது என்ன?

தொட்டிலை ஆட்டும் தாயை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை தள்ளிவிட்டால் தொட்டில் ஆடும்; ஆட்டம் தேய்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் அது தன்பால் வந்து திரும்பும் அந்நொடியில் விரல்நுனியால் சிறிதே தட்டினால் போதும், இரவு முழுதும் ஆடும். தட்டும் பொழுதைத் தொட்டிலே தாய்க்குச் சொல்கின்றது. தாய் தன் வலிமையால் தட்டுகின்றாள். அலையியற்றி என்பது இவ்வளவே. மின்னோட்டத்தை முன்னும் பின்னும் ஆடச் செய்யும் ஒரு பகுதி. ஆட்டத்தின் ஒரு கூற்றைத் திருப்பி எடுத்துப் பெருக்கி மீண்டும் உரிய பொழுதில் ஊட்டும் ஒரு பகுதி. திருப்பி ஊட்டுவது மீளூட்டம். ஒரு நொடியில் எத்தனை முறை ஆடுகின்றதோ அது அதிர்வெண்; அதன் அலகு எர்ட்சு. தாயின் கைவலிமைக்கு ஈடாவது மின்கலம்.

உறுப்புகளின் பெயரைப் பார்ப்போம் என்றால், மின்னோட்டத்தைத் தடுப்பது தடையம். மின்னைத் தேக்கி வைப்பது மின்தேக்கி. கம்பிச் சுருளாய் அமைந்து காந்தம் விளைப்பது மின்தூண்டி. கடைத்தெருவில் டிரான்சிசுட்டர் என விற்கப்படும் முக்கால் கருவி திரிதடையம். அதன் மூன்று கால்கள் அடிவாய், உமிழ்வாய், ஏற்புவாய். அடிவாயில் சிறு மின்னோட்டம் புகுந்தால் ஏற்புவாயில் பெருமின்னோட்டம் பாயும். மடையின் பலகையைச் சிறிதே தூக்க வாய்க்கால் முழுதும் நீர் பாய்வது போல. அலை இயற்றி என்னும் சொல் மேனிலைப் பள்ளி இயற்பியல் நூலிலேயே உள்ளது; புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை. கம்பிகளை இணைக்கும் ஈயக் கலவையைச் சால்டர் என்கின்றனர். நகை செய்யும் பொற்கொல்லரிடம் கேளுங்கள், பற்றாசு என்பர். எத்தனையோ தலைமுறையாய்ப் பொன்னைப் பற்றவைத்த சொல் ஈயத்தைப் பற்றவைக்க மறுக்குமா?

காஞ்சித் தறியில் இதற்கு ஒரு பெரும் சான்று இருக்கின்றது. பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா, கோர்வை. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் தந்து மூன்று நாடாக்களால் பூட்டிப் பின்னும் கோர்வையின் நுணுக்கத்தை விளக்க எந்நெசவாளனும் அயற்சொல் தேடுவதில்லை. வேலை செய்தவன் பெயர் வைத்தான், அது நிலைத்தது. (சரிகை என்பது பாரசீக வழியாக வந்தது, பொன்னிழை எனல் நன்று. பொருள் வெளியிலிருந்து வந்தபோது பெயரும் உடன்வந்தது என்பதற்கு அதுவே காட்டு.) மின்னணுவியலில் நேர்ந்ததும் இதுவே. உறுப்புகள் பெட்டியில் வந்தன. பெயர்கள் பெட்டியின்மேல் அச்சாகி வந்தன. சொல்வளம் இன்மையால் வந்த தாழ்வு அன்று. செய்வார் இன்மையால் வந்தது.

இனிச் செய்முறை. மிக எளிய அலையியற்றி, இரண்டு திரிதடையங்களை ஒன்றன் ஏற்புவாயை மற்றதன் அடிவாயோடு மின்தேக்கி வழியாகக் குறுக்கே பிணைத்து அமைப்பது. ஒன்று திறந்தால் மற்றது மூடும். மூடியது சிறிது பொழுதில் திறந்து முன்னதை மூடும். இருவர் ஏறி இறங்கும் சாய்பலகை போல. ஏற்புவாய்த் தடையம் ஒவ்வொன்றும் 10,000 ஓம்; அடிவாய்த் தடையம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 193,000 ஓம்; மின்தேக்கி ஒவ்வொன்றும் 0.01 மைக்ரோபாரடு. இதனை 1.5 வோல்ட்டுக் கலம் ஒன்றில் இணைத்தால் ஏறத்தாழ 260 எர்ட்சு ஒலி எழும். பாடுவோர் ஒரு கட்டை என வழங்கும் நிலைக்கு மிக அருகில். சுற்று உண்ணும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் ஆறாயிரத்தில் ஒரு பங்களவே. தீப்பெட்டியில் அடங்கும். செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு மேற்படாது.

கேட்டவுடன் மகிழ்ச்சி தருவது இது. ஆயின் ஒரு வாரம் பயன்படுத்திய பாடகர் இதைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். கரணியம் இங்கேதான் இருக்கின்றது. குறைந்த மின்னழுத்த வடிவமைப்பின் முழுச் சிக்கலும் இதனுள் அடங்கும்.

சிலிக்கனால் ஆகிய திரிதடையம் திறக்க அடிவாயில் 0.6 முதல் 0.7 வோல்ட்டு வேண்டும். இது அதன் வாயிற்படி. மின்தேக்கி கீழிருந்து நிறைந்து ஏறி அப்படியைத் தொடும்போதுதான் ஆட்டம் திரும்புகின்றது. கலம் 9 வோல்ட்டாயின் வாயிற்படி மிகத் தாழ்ந்த இடத்தில் கிடக்கும், ஏற்றம் விரைவானது, கலம் சிறிது தளர்ந்தாலும் படியைக் கடக்கும் பொழுது பெரிதும் மாறாது. கலம் 1.5 வோல்ட்டேயாயின் வாயிற்படி ஏறக்குறைய நடுவழியில் நிற்கும். கலம் தளரத் தளர, ஏறவேண்டிய உச்சி படியை நோக்கித் தாழும், ஏற்றம் சோரும், பொழுது நீளும். கணக்கிட்டால், தடையத்தையும் மின்தேக்கியையும் பெருக்கிவந்த அளவை 1.5 வோல்ட்டில் ஏறத்தாழ 1.0-ஆல் பெருக்க வேண்டும், 1.2 வோல்ட்டில் 1.13-ஆல், 1.0 வோல்ட்டில் 1.31-ஆல். அதாவது, 260 எர்ட்சில் தொடங்கிய ஒலி, கலம் 1.2 வோல்ட்டுக்கு இறங்கும்போது 230 ஆகும், 1.0 வோல்ட்டில் 198 ஆகும்.

இசையறிந்தார்க்கு இவ்வெண்கள் நடுக்கம் தரும். 260-க்கும் 230-க்கும் உள்ள இடைவெளி, ஒரு முழு நரம்பின் இடைவெளியினும் சற்று மிகுதி. 198 என்பது குரலிலிருந்து இறங்கி மெலிவு இளியின் வாசலில் நிற்பது. காலையில் குரலில் நின்ற பெட்டி, கலம் தேயத் தேய இளிக்குச் சரிந்துவிடும்! திடுமென்று சரிந்தாலாவது பாடுவோன் அறிவான். நாள்தோறும் மயிரிழை மயிரிழையாய்த் தாழ்வதால் செவியும் உடன் தாழும். பெட்டியை நம்பிப் பயிலும் இளஞ்சிறுமியின் செவி எந்நிலையில் உருவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒத்துக்காரர் களைத்தால் ஒலி தளரும். அவர் தாமே அறிந்து திருத்துவார். பெட்டி அறியாது.

இதே குறைபாடு பிறிதோர் இடத்தில் உயிர்காக்கும் பண்பாயிற்று. அச்செய்தி இசையிலிருந்தே தொடங்குவதால் இங்கே சொல்லத்தக்கது.

1957 அக்தோபர் 31-ஆம் நாள் அமெரிக்காவின் மின்னியாபொலிசு நகரில் மின்சாரம் நின்றது. சுவர் மின்னால் இயங்கிய துடிப்பூக்கிப் பொறியை நம்பியிருந்த ஒரு குழந்தை இறந்தது. நெஞ்சாங்குலை அறுவை மருத்துவர் வால்ட்டன் லில்லகை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துவந்த எர்ல் பாக்கன் என்னும் பொறிஞரிடம் மின்கலத்தால் இயங்கும் கருவி வேண்டினார். பாக்கன் எங்கே தேடினார்? பல்கலைக்கழக ஆய்வுநூலில் அன்று. வீட்டில் பொழுதுபோக்காய்ச் சுற்றுக் கட்டுவோர்க்கென வெளிவந்த ‘பாப்புலர் எலக்ட்ரானிக்சு’ என்னும் திங்களிதழின் 1956-ஆம் ஆண்டு இதழொன்றில் இசை பயில்வோர்க்கான தாளங்காட்டிச் சுற்று ஒன்று வந்திருந்தது; இரண்டு திரிதடையம் கொண்டது. அதை எடுத்துத் திருத்திப் பாதரசக் கலத்தில் இயங்கும் சிறு பெட்டியாக்கினார். நான்கே கிழமைகளில் பெட்டி ஆயத்தமாயிற்று. விலங்கின்மேல் ஆய்ந்த மறுநாளே ஒரு குழந்தையின் நெஞ்சத் துடிப்பை அது தாங்கியது. அடுத்த ஆண்டு, 1958 அக்தோபர் 8-இல், சுவீடனில் உரூனே எல்ம்குவிசுட்டு அமைத்த இரு திரிதடையத் துடிப்பூக்கியை மருத்துவர் ஓக்கே சென்னிங் ஆர்னே லார்சன் என்பாரின் உடலுக்குள்ளேயே பொருத்தினார். முதற்கருவி சில மணிநேரமே உழைத்தது. லார்சனோ, ஒன்றன்பின் ஒன்றாய் 26 கருவிகளைத் தாங்கி, 2001 வரை வாழ்ந்தார்.

கலம் தேயும்போது அலையியற்றியின் வீதம் மாறும் என்றோமே, முற்காலத் துடிப்பூக்கிகளில் மருத்துவர்கள் அதையே அறிகுறியாகக் கொண்டனர். துடிப்பு வீதம் குறைந்தால் கலத்தின் ஆயுள் முடிகிறது, கருவியை மாற்றும் காலம் வந்தது என்று பொருள். பாட்டுக்குக் கேடான சரிவு நெஞ்சுக்கு எச்சரிக்கை ஆயிற்று.

ஆனால் இவ்வரலாற்றில் தமிழர் கூர்ந்து நோக்க வேண்டியது அவ்விதழ். எளிய மாந்தர் தம் வீட்டுமொழியில் படிக்கும் திங்களிதழில், ஒரு தாளங்காட்டியின் சுற்று, உறுப்புகளின் அளவோடு அச்சாகியிருந்தது. அதைப் படித்த ஒருவர் கையில் அது துடிப்பூக்கியாயிற்று. இன்னுமொன்று: 1999 நவம்பரில் பிரித்தானியத் திங்களிதழ் ஒன்றில், வாசகர் தம் புனைவுகளை எழுதும் பகுதியில், தேய்ந்துபோன ஒற்றைக் கலத்தின் எஞ்சிய மின்னைக் கொண்டு ஒளியுமிழ் இருமுனையத்தை எரிக்கும் சுற்று வந்தது. ஒரு திரிதடையம், ஒரு தடையம், வளையக் காந்தக்கருவில் சுற்றிய இரட்டைக் கம்பி, அவ்வளவே. இன்று அது உலகெங்கும் பள்ளிப்பிள்ளைகள் கட்டிப் பழகும் சுற்று. தமிழகத்திலும் கோவையிலிருந்து கலைக்கதிர் 1949 முதல் அறிவியலைத் தமிழில் தந்தது. அதன் தொண்டு பெரிது. ஆயினும் காஞ்சியில் ஒரு நெசவாளியின் மகன், மாலையில் படித்து இரவில் பற்றவைத்துப் பார்க்கத்தக்க மின்சுற்றுகள் திங்கள்தோறும் தமிழில் வந்துகொண்டிருக்கும் நிலை இன்னும் வாய்க்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது இடம்பெற்றவை கட்டடவியலும் எந்திரவியலுமே. மின்னணுவியல் வாயிலுக்கு வெளியே நின்றது.

சொல் இல்லாமையால் நின்றதா? 1936-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள். 1938-இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. ஈழத்தில் பிறந்து அறிவியல் பயிற்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த அவரே 1947-இல் யாழ் நூலைத் தந்தார். அதிர்வெண் விகிதங்களைக் கொண்டு பழந்தமிழ் நரம்புகளை ஆய்ந்த நூல் அது. அறிவியற் சொல்லுக்குத் தலைமை ஏற்றவரும் இசை நரம்புக்குக் கணக்கு எழுதியவரும் ஒருவரே! பழுதுற்ற அலையியற்றியைத் திருத்தவும் அவர் கையாண்ட அவ்விகிதமே இனித் துணைசெய்யும்.

திருத்தத்திற்கு வழி படிகம். குவார்ட்சுப் படிகத்தை மின்னழுத்தத்தால் அதிரச் செய்யலாம். அதிரும் வீதம் படிகத்தின் வெட்டையும் உருவையும் பொறுத்தது, கலத்தின் வலிமையைப் பொறுத்ததன்று. 1969 திசம்பர் 25-இல் சப்பானின் சீக்கோ குழுமம் அசுட்ரான் என்னும் முதல் குவார்ட்சுக் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. சிறு பொத்தான் கலத்தில் இயங்கும் அலையியற்றி மாந்தரின் மணிக்கட்டில் ஏறிற்று. பின்னர் வந்த கடிகாரங்களில் பெரும்பாலும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இரண்டை பதினைந்து முறை பெருக்கிய எண் அது; பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு. கடைகளில் இப்படிகம் சில உருபாவுக்குக் கிடைக்கும். நெல்மணியினும் சற்றுப் பெரியது.

இந்த 32,768 துடிப்புகளை எண்ணும் சுற்று ஒன்றை அமைக்க வேண்டும். நெசவாளன் இத்தனை ஊடைக்கு ஒரு பூ என எண்ணிப் போடுவது போல, சுற்று இத்தனை துடிப்புக்கு ஓர் அலை என எண்ணிப் போடும். 252 துடிப்புக்கு ஓர் அலை என வைத்தால் 130.03 எர்ட்சு, அது மெலிவுக் குரல். 168-க்கு ஒன்று எனின் 195.05, அது மெலிவு இளி. 126-க்கு ஒன்று எனின் 260.06, அது சமன் குரல். தம்புராவின் நான்கு நரம்புகளும் இம்மூன்றில் அடங்கின: இளி, குரல், குரல், மெலிவுக் குரல். 252-ஐ 168-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக ஒன்றரை, பின்னம் எச்சமில்லை. இரண்டுக்கு மூன்று எனும் இளியின் இயல்பான உறவு முழுமையாய் நிற்கின்றது. ஆர்மோனியம் போன்ற கட்டைக் கருவிகளின் ஒப்பப் பகுத்த நிரலில் அவ்வுறவு 1.4983 ஆகும். வேறுபாடு சிறிதே. ஆயினும் நெடும்பொழுது ஒலிக்கும் நிலைக்குரலில் அச்சிறு வேறுபாடு இரு ஒலிகளுக்கிடையே மெல்லிய விம்மலாய் எழும். ஒப்பப் பகுப்பின் பக்கம் நின்ற தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்தது. அவர்க்கும் அடிகட்கும் உள்ள கருத்து வேறுபாட்டை இசையறிஞர் ஆய்க. பெட்டிக்கு இயல்பான விகிதமே எளிது, ஏனெனில் எண்ணும் சுற்றுக்கு முழு எண்ணே எளிது. இடமும் மெலிவும் வேறாக வேண்டுவோர் எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஆயின் மூன்றும் ஒரே விகிதத்தில் மாற வேண்டும்.

எண்ணும் சுற்று உறுதியாய் இயங்க 3 வோல்ட்டு வேண்டும். கையில் இருப்பதோ 1.5 வோல்ட்டு ஒற்றைக் கலம். மேலே சொன்ன இரட்டைக் கம்பிச் சுற்று இங்கே பயன்படும். அதுவும் அலையியற்றியே. கம்பிச் சுருளில் காந்தமாய்த் தேங்கிய ஆற்றலை அது விடுக்கும்போது எழும் உயர்ந்த அழுத்தத்தை ஒரு மின்தேக்கியில் சேர்த்து, 3 வோல்ட்டுக்கு மிகாமல் நிறுத்திக்கொள்ளலாம். ஆக, ஒரே பெட்டியில் இரண்டு அலையியற்றிகள்: ஒன்று பருவேலை செய்து அழுத்தத்தை உயர்த்துவது, அதன் வீதம் சரிந்தாலும் கேடில்லை, மற்றது படிகத்தால் நிலைக்குரலைக் காப்பது, அதன் வீதம் சரிவதேயில்லை. பருவேலைக்கும் நுண்வேலைக்கும் வேறு வேறு ஆள் வைப்பதே சிக்கனம் என்பதைத் தறிக்கூடம் நடத்துவோர் அறிவர்.

இனி ஒலியின் தன்மை. பாதிப்பொழுது திறந்து பாதிப்பொழுது மூடும் அலை, ஒற்றைப்படை மடங்குகளை மட்டுமே உடன் எழுப்பும். ஆகவே உலர்ந்து ஒலிக்கும், அடைபட்ட வண்டுபோல. அலையின் பத்தில் ஒரு பங்குப்பொழுது மட்டும் திறந்து மூடும் குறுந்துடிப்பாக மாற்றினால் ஒற்றை, இரட்டை இருவகை மடங்குகளும் எழும், ஒலி செறியும். தம்புராவில் நரம்புக்கும் குதிரைக்கும் இடையே மெல்லிய பட்டிழையோ பஞ்சிழையோ வைப்பதும் இச்செறிவுக்கே. காஞ்சியின் பட்டு அங்கேயும் வேலை செய்கின்றது! குறுந்துடிப்பால் மற்றொரு நலமும் உண்டு: ஒலிப்பான் பத்தில் ஒரு பங்குப் பொழுதே மின்னை உண்கின்றது. இனிமையும் சிக்கனமும் ஒரே திருத்தத்தால் கிட்டுவது பொறியியலில் அரிது.

கணக்குப் பார்த்தால், பாடுவோன் செவிக்குக் கேட்கும் அளவில் ஒலிக்க முழுப்பெட்டியும் கலத்திலிருந்து 5 மில்லி ஆம்பியர் கொள்வதாக வடிவமைக்கலாம். பேனாவளவுக் காரக்கலம் ஒன்று 2,000 மில்லி ஆம்பியர்-மணி தாங்குமாயின் 400 மணிநேரம் உழைக்கும். நாளுக்கு 4 மணிநேரம் பயில்வோர்க்கு 100 நாள். தவில் முழக்கத்தினூடே தெருவில் கேட்க வேண்டுமாயின் ஒலிபெருக்கியும் பெரிய கலமும் வேண்டும். அங்கே ஒத்தின் குரல் இன்றும் வெல்லும்.

ஒத்தைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விடலாகாது. ஒத்து ஊதியவர் பெரும்பாலும் கற்கும் இளைஞர். ஆசான் அருகே நின்று, தாம் ஒரே ஒலியை ஊதிக்கொண்டு, ஆசானின் பண் ஆளத்தியை ஆண்டுக்கணக்கில் செவியால் பருகினார். அவ்விடத்தில் பெட்டி வந்து அமர்ந்தபோது ஓர் ஆளின் கூலி மிஞ்சியது. ஒரு மாணவனின் இருக்கை போயிற்று. இதைப் பெட்டியின் குற்றமெனல் பொருந்தாது. ஆனால் மாணவனுக்கு வேறு இருக்கை தேடித் தருதல் கோயிலாரின் கடமை. இசைக்குழுவினர் சம்பளப் பட்டியலில் ஒத்துக்காரர் இடம் வெறுமையாய்க் கிடக்குமாயின் அதைப் பயிலும் இளைஞனைக் கொண்டு நிரப்பலாம். பெட்டி இருப்பினும் நிரப்பலாம்.

இளையோர் இதனைக் கட்டத் தொடங்கும்போது கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. படிகம் கொண்ட பெட்டி கலம் தேயும்போது தாழாது. கடைசிவரை குரலில் நின்று, திடுமென அடங்கிவிடும். அரங்கின் நடுவே அடங்கினால் பாடுவோன் திகைப்பான். ஆகவே கலம் 1.1 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் எரியும் சிறு செவ்விளக்கு ஒன்றை முகப்பில் வைக்க. முகப்பில் எழுத வேண்டிய சொற்கள் நான்கு: குரல், இளி, ஒலியளவு, கலம். நான்கும் தமிழில் எழுதப்படுக. எழுத்து ஒரு விரற்கடை உயரமேனும் இருக்கட்டும், கோயில் தூணோரத்து மங்கிய வெளிச்சத்திலும் முதியவர் கண்ணுக்குத் தெரியும்படி.